யந்திரம் விழிக்கும் வரை யாருடைய நேரம்?

(சிங்கப்பூர் தேக்காவில், ஜோகூர்த் தோட்டப்புறக் குடும்பங்களைச் சேர்ந்த தொழிலாளர் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் வாசகம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிறியது போலத் தோன்றும். மடிக்கணினியைத் திறந்து, பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. ஐந்து நிமிடம் ஆகிறது; சில யந்திரங்களில் பத்து நிமிடமும் ஆகிறது. பிறகுதான் அது வேலைக்கு வருகிறது. லாகின் என்கிறார்களே, அந்த உள்நுழைவுக்கு ஒரு கூட்டமா என்று வெளியார் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்ற நேரமும், பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு காத்திருந்த நேரமும் யார் கணக்கில் சேரும் என்று கேட்டவர்களின் பிள்ளைகள் அல்லவா நாம்?

அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று கத்தியும் கோப்பையும் எடுப்பதில்லை. இருட்டோடு எழுந்து, கடற்பாலத்தைக் கடந்து, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை நின்று, சிங்கப்பூர் அலுவலகங்களில் கணக்கும் சரக்குப் பட்டியலும் பார்க்கிறார்கள். தொலைபேசிக்குப் பதில் சொல்கிறார்கள். 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியா எல்லையை அடைத்தபோது ஊர் திரும்ப முடியாமல் இந்தக் கரையிலேயே தங்கிவிட்டவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அலுவலக மடிக்கணினி வாடகை அறைக்கு வந்தது. அதோடு இந்தச் சுற்றும் வட்டமும் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் ஒரு நிமிடத்தில் திறந்த யந்திரம் அறையில் ஏன் ஏழு நிமிடம் எடுக்கிறது? "உனக்குக் கணினி பழக்கம் போதாது" என்பார் மேலாளர். "யந்திரம் கிழடு, புதிது வாங்குங்கள்" என்பார் கடைக்காரர். இரண்டு பதிலையும் அப்படியே விழுங்கிவிட வேண்டாம் என்பதுதான் நம் வேண்டுகோள். பல யந்திரங்களில் குற்றவாளி வேறொருவர். கம்பியில்லா வலையை, அதாவது வைஃபையை, ஆட்சி செய்ய வைத்திருக்கும் மென்பொருளே அவர்.

அது எப்படி என்று பார்ப்போம். அலுவலக மடிக்கணினி நம் கடவுச்சொல்லை வாங்கியதும் சும்மா திறந்துவிடுவதில்லை. அலுவலகத் தலைமைக் கணினியைத் தேடுகிறது. அங்கிருந்து கட்டளைகள் வருகின்றனவா என்று பார்க்கிறது. 'இசட்' என்றும் 'எஸ்' என்றும் பெயர் வைத்த பொது டிரைவுகளை இணைக்க முயல்கிறது. இவ்வளவுக்கும் வலை வேண்டும். ஆனால் வைஃபையின் கடவுச்சொல் பல யந்திரங்களில் நம் கணக்குக்குள்ளே இருக்கிறது. நாம் உள்ளே போனால்தான் அது கிடைக்கும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்! இந்த முடிச்சை அவிழ்க்கவே, நாம் நுழையும் முன்னரே வைஃபையை இணைத்து வைக்கும் ஒரு வசதியைச் சில மென்பொருள்களில் சேர்த்தார்கள். அலுவலகத்துக்குள் அது நல்ல வேலைக்காரன். வாடகை அறையிலோ அந்த அலுவலக வைஃபை கிடையாது. இல்லாத ஒன்றைத் தேடித்தேடி, கொடுத்த கெடு தீரும்வரை அது நம்மை வாசலில் நிறுத்தி வைக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே வயலுக்கு, நாம் சொல்கிறபடி ஒரே நிரைக்கு, இரண்டு கங்காணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் தன்னிடமே ஒரு வைஃபைக் கங்காணியை வைத்திருக்கிறது. 2001-ல் வந்த எக்ஸ்பியில் அதற்கு 'வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன்' என்று பெயர். விஸ்டாவிலிருந்து 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' என்று பெயர் மாறியது. மடிக்கணினி செய்தவரும், உள்ளே இருக்கும் வைஃபை அட்டையைச் செய்தவரும் தத்தம் கங்காணியையும் கூடவே அனுப்பிவிடுகிறார்கள். ஒருவன் இந்த வலையில் சேர் என்கிறான். மற்றவன் அதை விடு என்கிறான். இடையில் வலை விட்டுவிட்டு இணைகிறது; நாம் காத்திருக்கிறோம். 2006 டிசம்பரில் சிங்கப்பூர் அரசு நகரெங்கும் இலவச வைஃபையைத் தொடங்கிய காலத்தில் எக்ஸ்பி யந்திரங்களில் இந்தச் சண்டை வெகு சாதாரணம். புதிய விண்டோசில் குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. விளையாட்டுக்கு வேகம் கொடுப்பதாகவும், படத்துக்கு முதலிடம் கொடுப்பதாகவும் சொல்லிக்கொண்டு வரும் வலை மென்பொருள்கள் இன்றைக்கும் அதே கங்காணி வேலையைத்தான் பார்க்கின்றன. இவற்றால் நன்மை அடைந்த தொழிலாளியை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? கைக்கடிகாரம் போதும். முதலில் யந்திரத்தை 'ரீஸ்டார்ட்' கொடுத்துத் தொடங்குங்கள். 'ஷட் டவுன்' கொடுத்தால் புதிய விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் கிடக்கும். அளவு சரியாக வராது. கடவுச்சொல் கேட்கும் திரை வருவதற்கு எவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கு எழுதுங்கள். கடவுச்சொல் கொடுத்த பிறகு ஒரு கோப்பைத் திறக்க முடிகிற வரை எவ்வளவு என்று இன்னொரு கணக்கு எழுதுங்கள். இவை இரண்டையும் கலக்கக் கூடாது. இனி, கடவுச்சொல் திரையிலேயே மூலையில் இருக்கும் வலைச் சின்னத்தை அழுத்தி 'ஏரோப்ளேன் மோட்' போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். வைஃபை இருந்தபோது ஏழு நிமிடம், இல்லாதபோது ஒரு நிமிடம் என்றால் யந்திரம் கிழடு அல்ல, வலையில்தான் கோளாறு. இரண்டிலும் ஏழு நிமிடம் என்றால் பழைய சுழல்தட்டு வன்வட்டையோ வேறொன்றையோ சந்தேகிக்க வேண்டும். அப்போது கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்.

சாட்சி வேண்டுமென்றால் யந்திரத்துக்குள்ளேயே ஒரு கிராணி உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறார். 'ஈவன்ட் வியூவர்' என்பது அவர் பெயர். அதில் 'அப்ளிகேஷன்' பதிவேட்டைத் திறந்து, 'வின்லாகன்' எழுதிய 6005, 6006 என்ற எண்களைத் தேடுங்கள். உள்நுழைவின்போது எந்தப் பகுதி நெடுநேரம் எடுத்துக்கொண்டது என்பது 6005-ல் இருக்கும். எத்தனை விநாடி என்பது 6006-ல் இருக்கும். 'ஜிபிகிளையன்ட்' என்ற பெயர் வந்தால், அலுவலகக் கட்டளைகளுக்காக யந்திரம் காத்துக் கிடந்தது என்று அர்த்தம். தோட்டத்துக் கிராணி எழுதியது எல்லாமே நமக்குச் சாதகமாக இருந்ததில்லை. இந்தக் கிராணிக்கு யார் பக்கமும் கிடையாது.

யந்திரம் சொந்தமானால் வைத்தியத்தை நாமே பார்க்கலாம். 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'ஸ்டார்ட்அப்' பகுதியில் வைஃபை சம்பந்தமான உபரி மென்பொருளை நிறுத்தி வையுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். வேகம் வந்துவிட்டால் அதை நிரந்தரமாக நீக்கிவிடலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. நீக்க வேண்டியது கங்காணி மென்பொருளை மட்டுமே. வைஃபை அட்டையை இயக்கும் 'டிரைவர்' என்ற சிறு நிரலைத் தொடக் கூடாது. தொட்டால் வைஃபையே போய்விடும். நம்மவர் பூமலை என்று சொல்கிறோமே, அந்தத் தாவரத் தோட்டத்துக்கு 1888-ல் இயக்குநராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் வழியைக் காட்டினார். பட்டையை மெல்லச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. பால் வெட்டியவர் வீட்டுப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பிறகு, செத்துப்போன டிரைவுகளைப் பாருங்கள். முன்பு வேலை செய்த இடத்துப் பொது டிரைவு, எப்போதோ தூக்கி எறிந்த அச்சுப்பொறி, இவற்றின் பெயர் பட்டியலில் கிடந்தால் ஒவ்வொரு காலையும் யந்திரம் அவற்றைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வராது. துண்டித்துவிடுங்கள். தேநீர்க் கடையிலும் பேரங்காடியிலும் சேர்ந்த இலவச வைஃபைகளில் 'தானாக இணை' என்ற குறியையும் எடுத்துவிடுங்கள். சில இடங்களில் வைஃபைச் சின்னம் முழுதாகத் தெரியும். ஒரு பக்கத்தைத் திறந்து ஒப்புதல் கொடுக்கும் வரை இணையம் மட்டும் வராது. அந்த ஏமாற்றத்தில் யந்திரமும் சேர்ந்து நிற்கிறது.

சிம் லிம் சதுக்கத்தைச் சுற்றிப் பழைய மடிக்கணினி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விலை பேசுமுன் யந்திரம் 11-ஐத் தாங்குமா என்று கேளுங்கள். முன்பு யாரோ வைத்திருந்த மென்பொருள்களோடு வாங்காமல், சுத்தமாக விண்டோஸ் ஏற்றித் தரச் சொல்லுங்கள். மேலே சொன்ன கங்காணிகளில் பாதிப்பேர் அங்கேயே இறங்கிப் போவார்கள்.

யந்திரம் அலுவலகத்துடையதானால் எதையும் நீக்காதீர்கள். அது அவர்கள் சொத்து. கைவைத்தால் குற்றம் நம் தலையில் விழும். அளந்த நிமிடங்களையும் கிராணியின் பதிவையும் எழுதிக் கணினிப் பிரிவுக்குக் கொடுங்கள். எழுத்தில் கொடுங்கள். அந்த எழுத்து ஏன் முக்கியம் என்பதற்கு இப்போது வருகிறோம்.

ஒரு நாளைக்கு 6 நிமிடம் வீண் என்று வையுங்கள். மாதம் 22 வேலை நாள். 132 நிமிடம் ஆகிறது. ஆண்டுக்கு 26 மணி 24 நிமிடம். எட்டு மணிக் கணக்கில் மூன்று நாளுக்கும் மேலே! 'வருகைப் பதிவு' கணினிக்குள்ளேயே இருக்கும் அலுவலகங்களில், யந்திரம் திறந்த பிறகுதான் வேலை தொடங்கியதாகக் கணக்கு. நாம் எட்டு மணிக்கு நாற்காலியில் இருந்தாலும், எட்டு ஏழுக்கு வந்ததாகப் பதிவு சொல்லும். கூலி ஒரு பக்கம் போகிறது, தாமதம் என்ற பழி ஒரு பக்கம் வருகிறது.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறிவிட்டது. 2021 அக்டோபரில் டென்வர் மேல்முறையீட்டு நீதிமன்றம், கால் சென்டர் தொழிலாளர் கணினியைத் திறக்கச் செலவிட்ட நேரம் கூலிக்குரியது என்றது. அந்த வழக்கில் ஒரு முறைக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடந்தான். அற்பம் என்று முதலாளி தரப்பு வாதாடியது, எடுபடவில்லை. 2022 அக்டோபரில் லாஸ் வேகஸ் கால் சென்டர் வழக்கு ஒன்றிலும், கணினியை எழுப்புவது அந்த வேலையின் பிரிக்க முடியாத பகுதி என்றது வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம். அந்த நாட்டுத் தீர்ப்பு இந்த நாட்டைக் கட்டாது. ஆனால் சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டமும், முதலாளி ஒப்படைத்த கடமைகளைத் தொழிலாளி செய்யும்படி எதிர்பார்க்கப்படும் காலத்தைத்தானே வேலை நேரம் என்கிறது? யந்திரத்தைத் திறக்காமல் எந்தக் கடமையைச் செய்வது?

அந்தச் சட்டத்தின் வேலை நேரப் பகுதி எல்லோருக்கும் பொருந்தாது. உடலுழைப்புத் தொழிலாளருக்கு மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்ற ஊழியருக்கு 2,600 வெள்ளி வரை. மேலாளர், நிர்வாகிகள் சேர மாட்டார்கள். சேர்ந்தவர்களுக்கு வாரம் 44 மணிக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. கூலிக் குறைவை முறையிட, வேலையில் இருப்பவருக்கு ஓராண்டும், விலகியவருக்கு ஆறு மாதமும் கெடு. கெடு தாண்டியபின் அழுது பயனில்லை. அக்கரையில் மலேசியாவில் வேலை பார்ப்போருக்கு 2023 ஜனவரி 1 முதல் வாரம் 45 மணி என்பதையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

ஆகவே நாளைக் காலை முதல் ஒரு சிறு நோட்டில் தேதி, உட்கார்ந்த நேரம், யந்திரம் திறந்த நேரம், வைஃபையா கம்பியா என்று நான்கு பத்தி எழுதி வாருங்கள். இரண்டு வாரம் போதும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டுகளோடு வந்தால், எந்த அலுவலகத்தில் எத்தனை பேருக்கு இந்தச் சிரமம் என்று சேர்த்துப் பார்த்து, சேர்ந்தே மனு எழுதலாம்.

இன்றைக்குச் சொந்த மடிக்கணினியைக் கொண்டுவந்திருக்கிறவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். இப்போதே அளந்து பார்ப்போம். சுவரோரம் மின்செருகு இரண்டுதான் இருக்கிறது. பேட்டரி குறைந்தவர்கள் முதலில் வரட்டும்.