களமும் கலையகமும்



திருதராட்டிரனுக்குப் பாரதப் போரை எடுத்துரைத்த சஞ்சயனை நாம் அறிவோம். மட்டக்களப்பு நாட்டின் கூத்துக்களரிகளில் பாரதக் கதை ஆடக் கண்டவர்களுக்கு அவனை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. அரண்மனையில் இருந்தவாறே ஞானக்கண்ணாற் போர்க்களத்தைக் கண்டு சொன்னவன் என்றே அவனைப் பெரும்பாலும் நினைக்கிறோம். ஆயின் வியாச பாரதத்தை ஊன்றி நோக்குவோர்க்கு வேறொரு செய்தியும் புலப்படும். வீடுமன் வீழ்ந்த செய்தியைச் சஞ்சயன் களத்திலிருந்து விரைந்து வந்தே அரசனுக்கு உரைக்கிறான். ஞானக்கண் வாய்த்தவனும் களத்துக்குச் சென்றே வந்தான். விளையாட்டு ஒலிபரப்பிலும் ஒளிபரப்பிலும் இன்று நிகழ்ந்துவரும் ஒரு மாற்றத்தைச் சீர்தூக்கிப் பார்க்க இச்செய்தி நமக்குத் துணையாகும்.

ஓர் உதைபந்தாட்டத்தையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ நேரடியாக அஞ்சல் செய்ய வேண்டுமாயின், முன்னாளில் ஒரு கலையகமே மைதானத்துக்குப் பெயர்ந்து செல்லும். பெரிய லொறி ஒன்றினுள் படங்களைத் தெரிந்தெடுக்கும் மேசை, ஒலிகளைக் கலக்கும் மேசை, நிகழ்ந்ததை மீளக்காட்டும் கருவி, திரையில் எழுத்துக்களை இடும் கருவி யாவும் அடங்கியிருக்கும். அவற்றை இயக்குவோர் பலரும் உடன்செல்வர். இப்பொழுதோ கமராக்களும் ஒலிவாங்கிகளும் அவற்றைக் கையாள்வோரும் மாத்திரமே மைதானத்தில் இருக்க, ஏனைய வேலை யாவும் தொலைவிலுள்ள கலையகத்தில் நடைபெறும் முறை பரவி வருகின்றது. நெறியாளர் ஒரு நகரில் இருப்பார். ஆட்டம் மற்றொரு நாட்டில் நடக்கும். பயணச்செலவு குறைகின்றது. ஒரே குழுவினர் காலையில் ஓர் ஆட்டத்தையும் மாலையில் வேறோர் ஆட்டத்தையும் கவனிக்க முடிகின்றது.

இது எவ்வாறு இயலும்? கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கின்றது. ஆதலால் 1,000 கிலோமீற்றரைக் கடக்க ஒரு நொடியின் இருநூறில் ஒரு பங்கே பிடிக்கும். செய்மதி வழியாயின், ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டியிருப்பதாற் கால் நொடி கழிந்துவிடும். படத்தைச் சுருக்கி விரிக்கும் கருவிகளும் தத்தம் பங்குக்குக் காலம் எடுக்கும். ஒலி ஒரு வழியாகவும் படம் வேறு வழியாகவும் வருமாயின், துடுப்பிற் பந்து படும் காட்சி ஒரு கணத்திலும் அதன் ஓசை மற்றொரு கணத்திலும் வந்து சேரும். இவ்விரண்டையும் இசைய நிறுத்துவதே பொறியியலாளரின் முதற்பணியாகும்.

தொலைவிலிருந்து ஆட்டத்தை உருவாக்கிக் கொடுப்பது நம் காலத்துப் புதுமையன்று. 1938இல் இங்கிலாந்துக்குச் சென்று அவுஸ்திரேலிய அணி ஆடிய டெஸ்ட் ஆட்டங்களை, அவுஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனம் சிட்னிக் கலையகத்திலிருந்தே வருணித்தது. ஆட்டத்தின் விவரம் சுருக்கக் குறியீடுகளாகத் தந்தியில் வந்து சேரும். அதனை விரித்தெழுதி வருணனையாளர் முன் வைப்பர். அவர் நேரிற் காண்பவர் போலப் பேசுவார். மரத்துண்டிற் பென்சிலாற் தட்டித் துடுப்பிற் பந்து படும் ஓசையை எழுப்புவர். கூட்டத்தின் ஆரவாரம் இசைத்தட்டிலிருந்து வரும்.

பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகனும் 1930களில் தந்திச் செய்தியைக் கொண்டு பேஸ்போல் ஆட்டங்களை இவ்வாறே வருணித்தவர். ஒருமுறை தந்தித் தொடர்பு அறுந்துபோயிற்று. அது மீளும்வரை, ஆட்டக்காரர் பந்தை மீண்டும் மீண்டும் கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டிருப்பதாகத் தாமே கற்பித்துச் சொன்னதை அவர் பின்னாளில் நகைச்சுவையுடன் கூறியிருக்கிறார். நகைக்கத்தக்க கதைதான். எனினும், அந்நிமிடங்களில் வானொலியை நம்பிச் செவிசாய்த்திருந்தவர்கள் கேட்டது ஆட்டத்தையன்று.

2020இல் பெருந்தொற்றினால் மைதானங்கள் வெறுமையுற்றபோது, இங்கிலாந்தின் ஸ்கை நிறுவனம் கணினி விளையாட்டொன்றுக்கெனச் சேர்த்து வைத்திருந்த ஆரவாரத்தை உதைபந்தாட்டத்தோடு கலந்து வழங்கியது. சிட்னியிற் பென்சில் செய்த வேலையைக் கணினி செய்தது எனலாம். ஆனால் ஆரவாரம் சேர்க்கப்பட்டது என்பதை அந்நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. அஃதில்லாத ஒளிபரப்பையும் விரும்பியவர் தெரிந்தெடுக்க வழிவைத்தது. இது பாராட்டுக்குரியது. அதே ஆண்டில் ஐ.பி.எல். போட்டிகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடக்க, வருணனையாளர் சிலர் மும்பையிலிருந்து திரையைப் பார்த்தே பேசினர்.

திரையைப் பார்த்துப் பேசுபவருக்குக் கமரா காட்டுவதே உலகம். பந்து வீச்சாளர் ஓடிவருவது தெரியும். அவர் ஓடத் தொடங்குமுன் எல்லையோரத்துக் களத்தடுப்பாளர் நாலடி நகர்ந்தது தெரியாது. மழை பெய்வது தெரியும். கருக்கொண்ட மேகம் எத்திசையிலிருந்து வருகின்றது என்பது தெரியாது. இக்குறையைப் போக்க ஒரே வழி, களத்தில் நிற்கும் ஒருவர் அவர் காதிற் செய்தி சொல்லிக்கொண்டே இருப்பதுதான்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று சித்தாண்டியிலுள்ள நேயர் ஒருவர் வினவக்கூடும். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், சித்திர வேலாயுத சுவாமி கோயில் அமைந்த அவ்வூர் இதுகாறும் கேட்கும் ஊராகவும் பார்க்கும் ஊராகவுமே இருந்து வந்துள்ளது. 1925இல் வானொலி தொடங்கியது கொழும்பில். 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தொடங்கியதும், இரண்டு நாள் கழித்து இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைச் சரவணமுத்து மைதானத்தில் ஆடத் தொடங்கியதும் கொழும்பிலேதான். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தாண்டி, ஒரு கிராமத்து உதைபந்தாட்டத்துக்காக அந்தப் பெரிய லொறியை அனுப்புவது எளிதிற் கட்டுபடியாகாது. புதிய முறையிலோ லொறி வரவேண்டியதில்லை. இரண்டு கமராக்கள், நாலைந்து ஒலிவாங்கிகள், நம்பத்தக்க இணைய இணைப்பு, பயிற்சி பெற்ற சில இளைஞர்கள் இருந்தாற் போதும். தொகுப்பு வேலை வேறிடத்தில் நடக்கும். குரலை மாத்திரம் அனுப்புவது இன்னும் எளிது. தெளிவான படமொன்றுக்கு வேண்டிய இணைப்பு வலுவில் மிகச் சிறு பங்கே ஒரு வருணனைக் குரலுக்குப் போதும்.

கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்து மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிவந்த கொம்புமுறி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய இரு கொம்புகளைக் கயிறு கட்டி இழுக்கும். ஒரு கொம்பு முறியும் கணமே வெற்றியின் கணம். அம்முறிவின் ஓசையைப் பிடிக்க ஒலிவாங்கியை எங்கே வைப்பது? எந்தச் சேரியார் எப்பக்கம் நிற்பர்? முறிந்தபின் எழும் பாட்டு யாருடைய பாட்டு? தொலைநகரத்துக் கலையகத்தில் மேசையின் முன் அமர்ந்திருப்பவர் இவற்றை அறியார், ஊரவரே அறிவர். ஆகவே கமரா பிடிக்கும் கையை மட்டும் ஊரிற் பெற்றுக்கொண்டு, பேசும் வாயை வேறிடத்தில் வைப்போமாயின், அவ்வூர் உலகத்தார் கண்ணிற் படுமேயன்றித் தன் குரலாற் பேசாது.

ஒலிபரப்பாளர்கள் இரண்டு நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். எத்தனை வேலைகள் கலையகத்துக்குப் பெயர்ந்தாலும், ஆட்டத்தையும் ஊரையும் அறிந்து பேசவல்ல ஒருவர் களத்தில் இருத்தல் வேண்டும். வருணனையாளர் எங்கிருந்து பேசுகிறார், கேட்கும் ஒலியில் எது களத்தினது, எது சேர்த்தது என்பதை நேயருக்கு மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். சித்தாண்டி இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவேன்: லொறி வருமென்று காத்திராதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஓர் ஒலிவாங்கியுடன் எல்லைக்கோட்டருகே நின்று, கண்டதைக் கண்டவாறே பேசிப் பழகுங்கள். தொலைவிலிருக்கும் கலையகத்துக்கு வேண்டிய களத்துக் குரல் அங்கேதான் உருவாகும்.