கைகள் பேசும் மொழி
(நம் பங்கின் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா நாளில் கண்ணீர்க் கதை சொல்ல நான் வரவில்லை. நம் புதுச்சேரித் தெருக்களிலும் சில வீடுகளின் பின்கட்டிலே ஒரு குழந்தை இருக்கிறது. அதற்குக் கண் தெரியாது. அதனுடன் காதும் கேளாது, அல்லது கைகால் வசப்படாது. “அதுக்கு ஒண்ணும் புரியாதுங்க” என்று பெற்றவளே சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் சரிதானா?

பிரெஞ்சு நாட்டிலே 1885-ல் மரி எர்தேன் என்ற பெண் பிறந்தாள். பிறவியிலேயே பார்வையுமில்லை, செவிப்புலனுமில்லை. புத்தி பேதலித்தவள் என்றார்கள். 1895-ல் புவாத்தியே நகருக்கு அருகிலுள்ள லார்னே என்னுமிடத்தில் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அவளைத் தந்தை அழைத்து வந்தார். வந்த புதிதில் ஓயாமல் கூச்சலிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறு பேனாக்கத்தி ஒன்றின்மீது அவளுக்குக் கொள்ளைப் பிரியம். சகோதரி சேன்ட் மர்கரீத் அதை வாங்கிக்கொண்டார். அவளுடைய ஒரு கையை மறு கைமேல் வைத்து, அறுப்பதுபோல் அசைத்துக் காட்டினார். பிறகு கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். விடாமல் இப்படியே செய்துவந்தார். ஒருநாள் மரி தானே அந்தச் சைகையைச் செய்து கத்தியைக் கேட்டாள். அதுவே அவளுடைய முதற்சொல். பின்னர் பிரெய்ல் எழுத்தும் கற்றாள். அறிவு அவளிடம் முன்பே இருந்தது. வெளியே வர வழிதான் இல்லாதிருந்தது.

தாய்மார்களே, இவ்வழியை நம் வீட்டிலும் திறக்கலாம். குழந்தையைத் திடீரெனத் தூக்காதீர்கள். முதலில் தோளைத் தொடுங்கள். குளிக்குமுன் துண்டு, சாப்பிடுமுன் கரண்டி, கோயிலுக்குப் புறப்படுமுன் செபமாலை என்று கையில் கொடுங்கள். நாள்தோறும் அதே பொருளாக இருக்கட்டும். தடுப்பு வைத்த பெட்டியிலே அன்றைய வேலைகளுக்குரிய பொருள்களை வரிசையாக வையுங்கள். ஒரு வேலை முடிந்ததும் அதன் பொருளைத் தனிக் கூடையில் போடச் செய்யுங்கள். அடுத்து நடப்பது தெரிந்தால் குழந்தையின் பயம் குறையும். துண்டைத் தள்ளிவிட்டால் அடிக்காதீர்கள். “வேண்டாம்” என்று அது பேசியிருக்கிறது!

காது கேட்டும் பேச வராத குழந்தைக்கு, குரலைப் பதிவு செய்துவைக்கும் பெரிய பொத்தான் கருவி உண்டு. அழுத்தினால், “அம்மா, தண்ணீர்” என்று ஒலிக்கும். கை வராவிட்டால் தலையாலும் அழுத்தலாம். வழிகாட்டுதலுக்குச் சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே முட்டுக்காட்டில், 2005-ல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் பல்வகைக் குறைபாடு உடையோருக்கென்றே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2016-ல், கண்ணும் காதும் ஒருங்கே இழந்தோரைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பங்குமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்குழந்தை ஞாயிறன்று கோயிலுக்கு வந்தால் உற்றுப் பார்க்காதீர்கள். அருகே போய் அதன் கையைத் தொடுங்கள். உங்கள் வளையலையோ கைக்கடிகாரத்தையோ தடவிப் பார்க்கக் கொடுங்கள். வாராவாரம் அப்படியே செய்யுங்கள். சில மாதங்களில், வந்திருப்பது யாரென்று அக்குழந்தை உங்களைக் கண்டுகொள்ளும்.