லாரித் தொழிலும் முன்பழக்கமில்லாத இளைஞரும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யான் மோட்டார் லாரியைப் பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். எனினும், பள்ளியை விட்டு நீங்கிய மாணாக்கர் பலர் அத்தொழிலை நாடிச் சென்று, வாயிலிலேயே தடுக்கப்பெற்று மீள்வதை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன். "ஐயா, பையன் லைசென்சு வாங்கிவிட்டான்; வேலைதான் கிடைக்கவில்லை" என்று அவர்தம் பெற்றோர் என்னிடம் வந்து சொல்லி வருந்துகின்றனர். நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலாலும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாலும் பெயர் பெற்ற ஊர்கள். அவற்றை அடுத்து வாழும் நம்மவர்க்கே இவ்விடர் உண்டெனின், அதனை இச்சபை ஆராய்தல் தகும்.

இடர்தான் யாதெனின், ஓட்டினாலன்றி அனுபவம் வாராது. அனுபவம் இருந்தாலன்றி ஓட்டக் கொடுப்பாரில்லை. என்பால் பயின்ற ஒருவன் லாரி உரிமையாளர் ஒருவரிடம் சென்றான். "எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாய், தம்பி?" என்றார் அவர். "லைசென்சு எடுத்து மூன்று மாதம் ஆகிறதுங்க" என்றான் இவன். "கடன் கட்டி முடியாத வண்டியப்பா இது. உன் கையிற் கொடுத்து நான் பழகிப் பார்ப்பதா?" என்று கூறி அவனை அனுப்பிவிட்டார்.

அவரை யான் குறை கூறேன். லாரியின் விலை பல இலட்சம் ரூபாய். மாதந்தோறும் தவணை நிற்கின்றது. தகுந்த லைசென்சு இல்லாதவன் ஓட்டி விபத்து நேரின், இன்சூரன்சுக் கம்பெனியார் இறந்தார் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடமே திரும்ப வசூலித்தல் உண்டு. லைசென்சு இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தலும் குற்றமே. அதற்குரிய அபராதம் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஆதலின் அவர் அஞ்சுதல் இயல்பே.

இனி, சட்டம் கூறுவதைச் சிறிது காண்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பியவன் கார் முதலிய இலகுரக வண்டிக்கு லைசென்சு பெறலாம். வாடகைக்கும் தொழிலுக்கும் உரிய சரக்கு வண்டியை 20 வயது நிரம்பாதவன் பொதுச்சாலையில் ஓட்டலாகாது. கனரக வண்டி ஓட்டப் பழகுநர் லைசென்சு வேண்டுவோன், இலகுரக லைசென்சு பெற்று ஓராண்டேனும் கழிந்தவனாதல் வேண்டும். பழகத் தொடங்கி 30 நாள் சென்ற பின்னரே தேர்வு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும் என்றிருந்த விதி 2019-இல் எடுக்கப்பட்டது. ஆசிரியனாகிய எனக்கு இதில் முழு மனநிறைவு இல்லை. சரக்குச் சீட்டையும் வழிப்பலகையையும் பிறர் படித்துச் சொல்லக் கேட்பவன் வடநாட்டுச் சாலையில் எங்ஙனம் பிழைப்பான்? ஆனால் வறுமையால் ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கும் வழி திறந்ததே என்று ஒருவாறு அமைதி கொள்கின்றேன்.

ஈண்டு நம் இளைஞர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, இலகுரக லைசென்சு உடையோன் தனிக்குறிப்பு ஏதுமின்றியே ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றத்து ஐவர் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆகவே 20 வயது நிரம்பியவன் முட்டை வண்டி, பால் வண்டி, காய்கறி வண்டி, பார்சல் ஆபீசுக்காரர் ஊருக்குள் அனுப்பும் சிறு வண்டி ஆகியவற்றிற் சேரலாம். பெரிய லாரிதான் வேண்டும் என்று வீட்டில் ஓராண்டு வாளாவிருப்பதினும், சிறிய வண்டியில் ஓராண்டு ஓட்டியவனை உரிமையாளர் விரும்புவர். குறுகிய தெருவிற் பின்னோக்கி எடுத்தலும், சரக்கை எண்ணி ஒப்படைத்தலும், கணக்கிற் பிழையின்மையும் அங்கேயே பழகும்.

ஆனால் அனுபவம் என்பது ஆண்டுக் கணக்கன்று. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் உள்ளது. பாரமேற்றிய லாரிகள் அவ்விறக்கத்திற் கட்டிழந்து முன்செல்லும் வண்டிகளை மோதிய செய்தியைப் பத்திரிகைகளிற் பன்முறை படித்துள்ளோம். டீசலை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை நீக்கி 'நியூட்ரலில்' உருள விடுகின்றனர் சிலர். அப்பொழுது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் துணை அறவே போய்விடுகின்றது. பாரமெல்லாம் பிரேக்கின்மேல் விழுகின்றது. ஓயாது மிதிக்க மிதிக்கப் பிரேக்குச் சூடேறிப் பிடிப்பிழக்கின்றது. ஏறும் கியரிலேயே இறங்குக என்பது முதிர்ந்த டிரைவர்கள் இளையோர்க்குச் சொல்லும் விதி. பிரேக்கின் காற்றழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்த பின்னரே வண்டியை நகர்த்துதல், டயரைத் தட்டி ஓசையால் காற்றின் குறைவை அறிதல், தார்ப்பாய் மூடிக் கயிறு இறுக்குதல், பாதி நிரம்பிய தண்ணீர் லாரியில் நீர் முன்னும் பின்னும் மோதுங்கால் வளைவில் வேகம் தணித்தல் ஆகிய இவையெல்லாம் பயிற்சிப் பள்ளியின் ஒரு மாதத்துள் அடங்குவன அல்ல. நாமக்கல்லில் உள்ள அசோக் லேலண்டு டிரைவர் பயிற்சி நிலையம் போல்வனவற்றிற் பயின்று வருதல் மிக நன்று. அங்குப் பயின்றவனுக்கும் இராப்பயணத்தில் அருகிருந்து காட்டுவார் ஒருவர் வேண்டும்.

முன்னாளில் அங்ஙனம் காட்டுவார் இருந்தனர். கிளீனராக ஏறியவன், வண்டி கழுவி, தேநீர் வாங்கி வந்து, ஸ்டெப்னி மாற்றி, பின்னோக்கி எடுக்கும்போது கீழிறங்கி நின்று குரல் கொடுத்து, சில ஆண்டுகளில் லைசென்சு பெற்று டிரைவரானான். அவனை அனுபவம் கேட்டவர் எவருமிலர். அனுபவம் அவ்விருக்கையிலேயே விளைந்தது. பழந்தமிழ் நாட்டு உமணர், உப்பு வண்டியின் கீழே மற்றோர் அச்சினைக் கட்டிக்கொண்டே சென்றனர் என்பதைப் புறநானூற்றால் அறிகின்றோம். கிளீனரும் அவ்வச்சுப் போன்றவனே. இன்று செலவைக் குறைக்கக் கருதி, தனி ஒருவனையே நெடுவழிக்கு அனுப்புகின்றனர். நாடு முழுதும் செல்லும் அனுமதி பெற்ற லாரியில் டிரைவர் இருவர் வேண்டும் என்றிருந்த விதியும் 2018-இல் நீங்கிற்று. அருகிருக்கையை வெறுமையாக்கிவிட்டு, "அனுபவமுள்ள டிரைவர் கிடைப்பதில்லை" என்று நம் உரிமையாளரே வருந்துதல் வியப்பன்றோ! மூத்த டிரைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்கின்றனர். அவர் இடத்துக்கு வருவோன் யாங்கிருந்து வருவான்?

இளைஞர்க்கு ஒரு சொல். அனுபவச் சான்று எழுதித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவனை நம்பற்க. பொய்ச்சான்று வேலையைத் தரலாம். தொப்பூர் இறக்கத்தில் அது பிரேக்கை மிதியாது. வேலை தருவோர் லைசென்சை ஈடாக வாங்கி வைத்துக்கொள்ள விரும்பின், நகல் மட்டும் கொடுங்கள். என் மாணாக்கன் ஒருவன் மூலச்சீட்டைக் கொடுத்துவிட்டுச் சம்பளப் பாக்கியையும் விட்டு வெளிவர முடியாது ஐந்து மாதம் இடருற்றான். எரிவாயு, பெட்ரோல் முதலிய ஆபத்தான சரக்கு ஏற்றும் டாங்கர்களில் பேட்டா மிகுதி என்று கேட்டு முதலிலேயே அங்கு ஓடாதீர். அதற்குத் தனிப் பயிற்சியும் லைசென்சில் தனிக் குறிப்பும் வேண்டும்; அனுபவத்தின் பின்னரே அதனை நாடுக. கல்குவாரி டிப்பரில் புதியவனையும் எளிதில் ஏற்றுவர். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடங்களில் விரைவே ஆசானாகிவிடும். அதனையும் எண்ணிப் பார்த்துச் சேர்க.

உரிமையாளராகிய பெரியோர்க்கு யான் விண்ணப்பிப்பது இதுவே. உங்களிடம் ஐந்து லாரி உள்ளதெனின், ஒன்றில் மட்டும் அருகிருக்கையை ஓராண்டு நிரப்புங்கள். 18 வயது கடந்தவனாகப் பாருங்கள். உணவு மட்டும் போட்டு வேலை வாங்காது, சம்பளமும் பேட்டாவும் அளியுங்கள். இன்சூரன்சு எடுக்கும்போது கிளீனர்க்குரிய தொகையையும் சேர்த்துக் கட்டுங்கள். லைசென்சு பெற்றபின் முதலில் வெறுவண்டியிலும், பகலிலும், சமநிலத்திலும், மூத்த டிரைவர் அருகிருக்க ஓட்ட விடுங்கள். கற்பிக்கும் டிரைவர்க்கும் மாதம் சிறிது மிகுத்துக் கொடுத்தல் வேண்டும். ஊதியமின்றிக் கற்பிக்கும் ஆசிரியன் எத்துணை நாள் பொறுப்பான் என்பது எனக்குத் தெரியும். பழகியவன் வேறு வண்டிக்குப் போய்விடுவானே என்பர் சிலர். போவான், உண்மையே. அவன் ஓட்டும் லாரி நம் மக்கள் ஏறிய பேருந்தின் பின்னாலும் வரும் என்பதை மறவாதீர்கள்.

கூட்டம் முடிந்தபின், அருகிருக்கை அளிக்க இசைவோர் தம் பெயரையும் வண்டி செல்லும் தடத்தையும் காரியதரிசி அவர்களிடம் எழுதிக் கொடுப்பாராக. லைசென்சு உடைய இளைஞர் அதன் நகலையும், இல்லாதார் வயதுச் சான்றையும் கொண்டு வருக. யானும் கணக்கு எழுத அருகிலிருப்பேன்.