வினாவில் மறைந்து நிற்கும் எடுகோள்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வங்கி அதிகாரி தேர்வில் ஒருவகை வினா வருகிறது. ஒரு கூற்றைத் தந்து, அதைச் சொன்னவர் சொல்லாமலே ஏற்றுக்கொண்ட எடுகோள் எது என்று கேட்பார்கள். தாராபுரத்தில் நம் மாலை வகுப்பில் நாம் கொடுத்த கூற்று இது: 'திருப்பூர்ப் பனியன் நிறுவனத்திற்கு டெய்லர்கள் தேவை, ஐந்தாண்டு அனுபவம் உடையோர் மட்டும் வருக.' அனுபவம் இல்லாதவருக்குத் தைக்கத் தெரியாது என்பதே எடுகோள் என்று பலர் குறித்தனர். பேருந்தேறிப் போய் நிறுவன வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோரின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். பட்ட பாடு விடையைத் தீர்மானித்துவிட்டது.

சோதிக்கும் வழி எளிது. எடுகோள் என்று கருதுவதை மறுத்துப் பாருங்கள். கூற்று சரிந்தால் அதுவே எடுகோள். அனுபவமில்லாதவருக்கும் தைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விளம்பரம் நிற்கும். விரைந்து தைப்போரே வேண்டும் என நிறுவனம் எண்ணியிருக்கலாம். ஐந்தாண்டு அனுபவம் உடையோர் எவருமே கிடைக்கமாட்டார் என்றால் விளம்பரத்துக்கே பொருளில்லை. ஆகவே அத்தகையோர் கிடைக்கக்கூடும் என்பதே விடை. தேர்வு மண்டபத்தில் நம் சினத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இக்கலை நமக்கு அயலானதன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என அளவையை விரித்துரைக்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்புண்டு என்போமானால், புகையுள்ள இடமெல்லாம் நெருப்பிருக்கும் என்பது இடையில் மறைந்து நிற்கிறது. அடுக்களையைச் சான்றாக்கி அவ்விணைப்பை வெளியே கொணர்கிறது பௌத்த அளவை.

அண்ணல் அம்பேத்கர் 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்கு எழுதிய தலைமையுரை மேடையேறவில்லை. எழுதியதை மாற்ற அவர் மறுத்தார், மாநாடே கைவிடப்பட்டது, உரையை அவரே தம் செலவில் அச்சிட்டார். அதில் ஒரு வாதத்தை எடுத்துக்கொள்கிறார்: சாதி என்பது வேலைப் பிரிவினை, நாகரிகச் சமுதாயம் எதற்கும் வேலைப் பிரிவினை தேவை, எனவே சாதியில் தவறில்லை. இரண்டாம் வரியை மறுப்பாரில்லை. முதல் வரிக்குள்தான் எடுகோள் பதுங்கியிருக்கிறது. வேலையைப் பிரிப்பதும் வேலை செய்வோரைப் பிறப்பால் பிரிப்பதும் ஒன்றே என்பது அது. பனியன் தொழிலிலும் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என வேலை பிரிகிறது. நேற்றுச் செக்கிங் பார்த்தவர் இன்று தையலுக்கு மாறலாம். கட்டிங் மாஸ்டரின் மகன் கட்டிங் மாஸ்டராகவே இருக்கவேண்டும் என்று விதியில்லை. சாதியில் அவ்வாறு விதித்தார்கள். மேல், கீழ் என்றும் அடுக்கினார்கள். அந்த இணைப்பைத்தான் அண்ணல் அறுத்தார்.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு, 'உங்கள் தந்தை என்ன வேலை செய்கிறார்?' என்ற நேர்முகத் தேர்வு வினாவை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் எடுகோள்களை எழுதி வாருங்கள்.