ஏமாந்தான் என்னும் சொல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒருவர் பணத்தைப் பறிகொடுத்தார் என்று கேட்டதும் நம் வாயில் முதலில் வருஞ் சொல் யாது? "ஏமாந்து போனான்" என்பதே. அச் சொல்லைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

வஞ்சனையைக் குறிக்குஞ் சொற்களுக்குத் தமிழிற் பஞ்சமில்லை. வஞ்சித்தான், ஏய்த்தான் என்பன ஏட்டிலும் உள்ளன. கண்ணில் மண்ணைத் தூவினான், தலையில் மிளகாய் அரைத்தான் என்பன பேச்சு வழக்கு. யாழ்ப்பாணத்திலே "பேய்க்காட்டிப் போட்டான்" என்பர். இவற்றிலெல்லாம் எழுவாயாக நிற்பவன் வஞ்சகனே. குற்றம் எவனுடையதோ அவனையே சொல் சுட்டுகிறது.

ஏமாறு என்பதோ வேறு வகை. ஓடு, ஓட்டு, மாறு, மாற்று என்பன போல, ஏமாறு தன்வினை, ஏமாற்று பிறவினை. "ஏமாந்தான்" என்றவுடன் பொருளை இழந்தவனே வினைமுதல் ஆகிவிடுகிறான். ஏமாற்றியவன் வாக்கியத்தை விட்டே மறைந்துவிடுகிறான். "மோசம் போனான்" என்பதும் அவ்வாறே.

இது வெறும் இலக்கண விசாரமன்று. மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன முகவருக்குத் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்த தாய்மார் உளர். பரிசு விழுந்ததென்று தொலைபேசியில் வந்த குரலை நம்பி, வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தைச் சொன்னவர்களும் உளர். அவர்களுட் பலர் பொலிஸ் நிலையத்துக்குப் போவதில்லை. "படித்தவனும் ஏமாந்தானே" என்று ஊர் நகைக்கும் என்னும் அச்சமே காரணம். அந்த மௌனமே வஞ்சகனுக்கு மூலதனம். ஒரு வீட்டார் வாய் மூடியிருக்க, அடுத்த வீட்டார் அதே வலையில் விழுகின்றனர்.

பெரியபுராணத்தை நினைத்துப் பாருங்கள். சிவனடியார் வேடம் பூண்டு, புத்தகக் கட்டினுள்ளே படையை மறைத்து வந்து, மெய்ப்பொருள் நாயனாரைக் குத்தினான் முத்தநாதன். நாயனார் ஏமாந்தார் என்று சேக்கிழார் நகைத்தாரா? இல்லை. நம்பியவரைப் போற்றினார், பழியை வஞ்சகன் மீதே வைத்தார். நாமும் நாயனாரைக் கும்பிடுகிறோமேயன்றி எள்ளுவதில்லை. புராணத்திற் காட்டும் அந்த நீதியை அயலவருக்கு மட்டும் மறுப்பது முறையா?

விழிப்பு வேண்டாமென்று நான் கூறவில்லை. அது யாவர்க்கும் வேண்டும். ஆயினும், இழந்து நிற்பவரிடம் "ஏன் ஏமாந்தாய்?" என்று கேளாது, "உன்னை ஏமாற்றியவன் யார்?" என்று கேட்போமாக. அப்போதுதான் அவர் வாய் திறப்பார், அடுத்தவர் தப்புவார்.