உழைப்பாளர் சிலையடியில் ஓர் ஆடற்பட்டறை



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் தொழிற்பாடல்கள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அப்பொருளில் முனைவர் பட்டம் பெற்றவள் என்பது காரணமாகலாம். நானோ அவ்வாய்வில் நேர்ந்த ஒரு பிழையை ஒப்புக்கொள்ளவே வந்திருக்கிறேன். அதை எனக்குக் காட்டியது நூலன்று. மெரீனாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அவ்வெண்கலச் சிலை 1959இல் திறக்கப்பெற்றது. 1923இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய கடற்கரை அது. பாறையொன்றைப் பெயர்க்க நால்வர் முனைகின்றனர். பாறை இன்னும் பெயரவில்லை. பேருந்தின் சன்னல் வழியே ஆயிரம் முறையேனும் அதைக் கண்டிருப்பேன். கண்டேன் என்பதைவிடக் கடந்தேன் என்பதே பொருந்தும்.

சென்ற மார்கழியில் எம் கல்லூரி மாணவியருக்கு அச்சிலையின் பின்னுள்ள மணலில் ஐந்து நாள் ஆடற்பட்டறை நடந்தது. துணைக்குச் சென்ற ஆசிரியை நான். சிதம்பரம் கோபுரத்து 108 கரணங்களும் உறைந்த நிலைகள் அல்ல, அசைவுகள். சிற்பி அவ்வசைவின் ஒரு கணத்தையே கல்லில் நிறுத்தினான் என்பது பத்மா சுப்ரமணியம் அவர்களின் ஆய்வு முடிவு. அம்முடிவையே பட்டறை நடத்திய நடன ஆசிரியை வெண்கலத்திற்கும் பொருத்தினார். இக்கணத்திற்கு முன்னும் பின்னும் இவ்வுடல்கள் என்ன செய்திருக்கும்? ஆடிக் காட்டுங்கள் என்றார்.

பரதம் பயின்ற பெண்களே முதலில் விழுந்தனர். அரைமண்டியில் உடலின் சமநிலை உடலுக்குள்ளேயே இருக்கிறது. தள்ளுகின்றவனோ தன் சமநிலையைப் பாறையிடம் ஒப்படைத்துவிடுகிறான். பாறை இல்லாத இடத்தில் அவ்வாறு சாய்ந்தால் மணலில்தான் முகம் பதியும். பிறகு ஒருத்தியைப் பாறையாக நிறுத்தினர்.

அப்போதும் அசைவு கைகூடவில்லை. ஆடலே அறியாத மாணவி ஒருத்தி, கட்டுமரக்காரர் மகள், "அம்மா, கையால தள்ளக் கூடாது, குதிகாலால தள்ளணும்" என்றாள். தந்தையின் வலை இழுப்பில் தானும் கைகொடுத்தவள். அவள் 'ஏலேலோ' என்று எடுத்துக் கொடுக்க, மற்றவர் 'ஐலசா' என்றபடி உந்தினர். பாறையாக நின்றவள் இரண்டடி பின்னே போய்விட்டாள்!

எனக்கு அங்கே உடல் சிலிர்த்தது. பிறகு வெட்கம் வந்தது. தலைவன் பாடும்போது மற்றவர் மூச்சை நிரப்பிக்கொள்கின்றனர். விடை கூறும் அந்த ஒரு சொல்லில் மூச்சும் வலிமையும் ஒருசேர வெளிப்படுகின்றன. வேலை நடப்பதே அச்சொல்லில்தான். என் ஆய்வேட்டிலோ சீர் பிரித்து, அசை எண்ணி, ஏழு பக்கம் எழுதியபின், இச்சொற்கள் 'ஓசை நிறைவுக்காக வரும் பொருளற்ற அசைகள்' என்று முடித்திருந்தேன். தேர்வாளர் எவரும் மறுக்கவில்லை. அவர்களும் என்னைப்போல் நாற்காலியில் அமர்ந்து படித்தவர்கள்தாமே!

கவிஞர்களையும் சிறிது சீண்டலாமா? உழைப்பாளியைப் பாடாதவர் நம் வட்டத்தில் இல்லை. பத்தாண்டுகளில் இங்கு அரங்கேறிய கவிதைகளில் நெற்றி வியர்வை ஆறாய்ப் பெருகியிருக்கிறது. குதிகாலைப் பாடிய கவிதை ஒன்றையும் நான் கேட்டதில்லை. முகம் தொலைவிலிருந்தே தெரியும். குதிகாலைக் காண அருகே சென்று குனிய வேண்டும். இக்குறை என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை நடைப்பயிற்சிக்கு வந்தோர் சிலர் நின்று பார்த்தனர். சுண்டல் கூடையை இறக்கி வைத்த ஒரு பெரியவர், கேளாமலே வரிசையில் சேர்ந்துகொண்டார். எங்கள் ஆசிரியை திருத்த வேண்டாத ஒரே உடல் அவருடையது.

அந்த ஏழு பக்கங்களை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வரும் மார்கழியிலும் பட்டறை உண்டு. வர விரும்பும் கவிஞர்கள் காலை ஐந்தரை மணிக்குச் சிலையடியில் இருத்தல் வேண்டும். செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பாறையாக நிற்க இருவர் தேவைப்படுகின்றனர்.