மகாவலிக் கரையில் ஒரு மேற்கல்வி

நீர் ஓடுவதைப் படிப்பதற்கும் ஒரு பட்டமா என்று வினவுவோர் இன்றும் உளர். பொறியியலில் முதற் பட்டம் பெற்ற பிள்ளை, பொருளீட்ட வேண்டிய வயதில், பாய்ம இயக்கவியலிற் பட்டப்பின் படிப்பென்று மீண்டும் பேராதனைக்குப் புறப்பட்டால், வீட்டுப் பெரியோர் அவ்வாறு கேட்பது இயல்பே. அவர்களுக்கு விடை கூறத் தக்கது மகாவலி கங்கைதான்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950ஆம் ஆண்டிற் கொழும்பிலே தொடங்கி, அறுபதுகளின் நடுப்பகுதியிற் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. கலைப் பீடம் ஒரு கரையிலும் பொறியியற் பீடம் மறு கரையிலுமாக, இடையே மகாவலி ஓடுகின்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இந்த ஆற்றங்கரையிலே நீரின் கணக்கைக் கற்றுச் சென்ற மாணவர் பலர்.

முதற் பட்ட வகுப்பில் மாணவனுக்குச் சூத்திரங்கள் தரப்படுகின்றன. குழாயின் விட்டம், நீரின் வேகம், சுவரின் கரடுமுரடு ஆகியவற்றை இட்டால் விடை வந்துவிடும். மேற்படிப்பிலோ அச்சூத்திரம் எங்கே பொய்க்கும் என்பதே கேள்வி. 1883ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரிலே ஒஸ்போன் ரெனோல்ட்ஸ் என்பவர், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினுள் வண்ண நீரை மெல்லிய இழையாகச் செலுத்திப் பார்த்தார். வேகம் குறைந்திருந்தபோது இழை நேராகச் சென்றது. ஓரெல்லையைக் கடந்ததும் சிதறிக் கலங்கியது. அந்தக் கலக்கத்தையே கொந்தளிப்புப் பாய்ச்சல் என்கின்றோம். அதனை ஆளும் சமன்பாடுகளை நேவியரும் ஸ்ரோக்சும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வகுத்துவிட்டனர். எனினும் முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எக்காலத்தும் சீரான தீர்வு உண்டா என்பதை எவரும் நிறுவவில்லை. அதனை நிறுவுவோருக்கு 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித நிறுவனமொன்று அறிவித்த பத்து இலட்சம் டொலர் பரிசு இன்னும் வழங்கப்படாமலே கிடக்கின்றது.

கணிதம் கைவிடும் இடத்தில் மாதிரி உருவம் கைகொடுக்கும். அணையொன்றின் வான்கதவை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் செய்து ஆய்வுகூடத்தில் நீர் விட்டால், வேகம் ஐந்தில் ஒன்றாகும். பாயும் நீரின் அளவோ 3,125இல் ஒன்றாகிவிடும். ஈர்ப்பு விசையின் விதி இவ்வாறு கூறுகின்றது. ஆனால் பிசுக்குமையின் விதிப்படி, அதே நீரைக் கொண்டு செய்யும் மாதிரியில் வேகம் இருபத்தைந்து மடங்காக வேண்டும்! இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற இயலாது. எதனை விடுவது, விட்டதனால் வரும் பிழை எவ்வளவு என்று தீர்மானிக்கும் பக்குவத்தைப் பெறவே மாணவனுக்கு ஓரிரண்டு ஆண்டுகள் செல்கின்றன.

பேராதனையிலிருந்து ஆற்றோடு கீழே சென்றால் பொல்கொல்ல அணைக்கட்டு வரும். 1976ஆம் ஆண்டிலே நிறைவுற்ற இவ்வணை மகாவலியின் நீரைத் திருப்பி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவெல மின்னிலையத்துக்கு அனுப்புகின்றது. அங்கிருந்து அந்நீர் சுதுகங்கையிற் சேர்ந்து வடக்கே வறண்ட நிலத்து வயல்களை நாடுகின்றது. இத்தகைய நீண்ட வழியில் நொடிக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் வரும் நீரைத் திடீரென்று அடைத்துவிட்டால் என்ன நேரும்? அழுத்த அலை நீரினூடே நொடிக்குச் சுமார் ஆயிரம் மீற்றர் வேகத்திற் பின்னோக்கி ஓடும். ஏறக்குறைய இருநூறு மீற்றர் உயர நீர்த்தூணுக்கு நிகரான அழுத்தம் ஒரு கணத்திற் கூடிவிடும். இதற்கு நீர்ச்சம்மட்டி என்று பெயர். சம்மட்டியடி இரும்புக் குழாயையும் பிளக்கும். ஆகவேதான் கதவை மெல்ல மூடுகின்றனர். அலை ஏறி இறங்குவதற்கென்று கிணறு போன்ற அறையையும் அமைக்கின்றனர்.

கதவையும் அழுத்தத்தையும் பற்றிய இந்தக் கவலை இந்நாட்டுக்குப் புதியதன்று. பண்டைய குளங்களின் மதகுகளோடு பிசோகொட்டுவ என்னும் சதுரக் கற்கிணறு கட்டப்பட்டிருந்ததை, நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் வியந்து எழுதியுள்ளார். ரெனோல்ட்சின் பெயரை அறியாத கைகள் கட்டியவை அவை.

மேற்கல்வி கற்றவரை வெளிநாடு கொண்டுபோய்விடும் என்பது பெற்றோரின் மற்றோர் அச்சம். அதிற் பொய்யில்லை. ஆயினும் பேராசிரியர் அ. துரைராசா இருந்தார். அவர் நீரையன்று, களிமண்ணை ஆராய்ந்தவர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை மண் பொறியியலிலே நிலைத்த இடம் பெற்றது. அத்தகையவர் பேராதனையிற் கற்பித்துப் பீடாதிபதியாகவும் விளங்கி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெருக்கடி மிக்க காலத்தில் உழைத்து, 1994இல் மறைந்தார்.

மண்ணைப் பற்றிய அறிவு இல்லாமல் மகாவலியின் நீரைக் கணிக்கவும் முடியாது. காடழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்ட மலைச் சரிவுகளிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்குகின்றது. பொல்கொல்லத் தேக்கம் திறக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே வண்டல் நிறையத் தொடங்கிற்று. கீழே, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது, பழைய தெல்தெனிய நகரம் நீருள் மறைந்தது. ஊரைக் கொடுத்துப் பெற்ற தேக்கம் அது. அதன் அடியிலும் வண்டல் படியவே செய்யும். ஆற்றின் அடியில் ஒரு மணற்றுகள் எந்த வேகத்திலே கிளம்பும், எங்கே மீண்டும் படியும் என்பதற்கு நம்பத்தக்க பொதுச் சூத்திரம் எதுவும் இல்லை. உள்ள சூத்திரங்கள் ஒன்றுக்கொன்று பன்மடங்கு வேறுபட்ட விடைகளைத் தரும். ஆதலால் பேராதனை மாணவன் கணிப்பொறியை மூடிவிட்டுப் போத்தலும் கயிறுமாகப் பாலத்துக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. மழைநாளிற் கலங்கிய நீரை அள்ளி, வடிகட்டி, உலர்த்தி, எஞ்சும் செம்மண்ணை நிறுத்து எழுதிக்கொள்கின்றான். அடுத்த மழைக்கு மறுபடியும் செல்வான்.